எம்.காமில் 53 சதவீதம், புதுச்சேரியில் ஒரு லெக்சரர் வேலை: சேரலாமா?

நெல்லிக்குப்பம் காமர்ஸ்:
வணக்கம். எம்.காம் முடித்து ஒரு வருடம் ஆகிறது, 53.4 சதவீதம். இப்போது கடலூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஆனால் ஆசையெல்லாம் காலேஜ் வாத்தியார் வேலை மேல்தான். முள்ளோடை தாண்டி ஒரு சுயநிதிக் கல்லூரியில் 14,000 தருகிறோம், திங்கட்கிழமையே சேருங்கள் என்கிறார்கள். நெட் (கல்லூரி ஆசிரியர்களுக்கான தேசியத் தகுதித் தேர்வு) இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம், ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் ஒப்படைக்க வேண்டுமாம். அப்பா பி.எட் படி என்கிறார். 55 சதவீதம் இல்லாததால் அரசுக் கல்லூரி ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?

லாஸ்பேட்டைவாசி:
ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள் தம்பி. மற்றதெல்லாம் அப்புறம். நான் கொடுத்தேன். வேறு இடத்தில் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டபோது, வருடம் முடியட்டும், இல்லை இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு எடுத்துப் போ என்றார்கள். கட்டினேன். பாடம் நடத்துவது மட்டும்தான் வேலை என்று நினைத்துப் போகாதீர்கள், மே மாத வெயிலில் பிளஸ் டூ பிள்ளைகள் வீடு வீடாக நோட்டீஸ் எடுத்துக்கொண்டு அட்மிஷனுக்கு அலைய விடுவார்கள்.

மஞ்சக்குப்பம் மேடம்:
விட வேண்டாம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி பொதுப் பிரிவுக்குத்தான் 55, அதை ரவுண்டு பண்ணிக் காட்ட முடியாது. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகள், கிரீமி லேயர் (வசதியான குடும்பம்) இல்லாத ஓபிசி என்றால் 50 போதும். நீங்கள் பிசியோ எம்பிசியோ என்றால், பள்ளிக்கூடத்தில் வாங்கின சாதிச் சான்றிதழ் இதற்கு ஆகாது, மத்திய அரசுக்கான ஓபிசி சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். இது தெரியாமல் என் தோழி பொதுப் பிரிவில் அப்ளிகேஷன் போட்டு மாட்டிக்கொண்டாள்.

நெட் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100, மொத்தம் 300 மதிப்பெண், நெகட்டிவ் மார்க் கிடையாது. காமர்ஸ் பிள்ளைகள் இரண்டாம் தாளையே புரட்டிக்கொண்டிருந்து முதல் தாளில்தான் கோட்டை விடுகிறார்கள். முனைவர் பட்டம் இல்லையே என்று தயங்க வேண்டாம், 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியருக்கு நெட், அல்லது மாநில அளவில் நடக்கும் செட், ஸ்லெட் தகுதித் தேர்வுகள், இதில் ஒன்று இருந்தாலே தகுதிதான்.

தேவனாம்பட்டினம்:
மேடம் சொல்வதோடு ஒன்று. செட் எந்த மாநிலத்தில் பாஸ் செய்தீர்களோ அங்கே மட்டும்தான் செல்லும் (2002 ஜூனுக்கு முந்தையது வேறு கதை). தமிழ்நாடு, புதுச்சேரி என்று ஆற்றுக்கு இரண்டு பக்கமும் வேலை தேடுகிறவருக்கு நெட்தான் சரி.

சேரவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் வகுப்பில் போர்டில் டெபிட்டையும் கிரெடிட்டையும் மாற்றி எழுதிவிட்டுத் திரும்பினேன், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் "சார், தலைகீழா இருக்கு" என்றாள், அறுபது பேரும் சிரித்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டதை ஆடிட்டர் ஆபீசில் கற்க முடியாது. அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக 25,000 வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்களையும் பார்க்கிறேன், நிரந்தரமானால் அடிப்படைச் சம்பளம் 57,700-ல் தொடங்கும்.

நெல்லிக்குப்பம் காமர்ஸ்:
நன்றி மேடம், சார். நான் எம்பிசிதான், ஓபிசி சான்றிதழ் தனி என்பதே இன்றைக்குத்தான் தெரியும், நாளைக்கே இ-சேவை மையம் போகிறேன். ஜெராக்ஸ் மட்டும் தருகிறேன் என்று கல்லூரிக்குப் போன் போட்டேன், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

லாஸ்பேட்டைவாசி:
யோசிக்கட்டும். ஆடிட்டரிடம் மட்டும் இப்போதைக்கு எதுவும் சொல்லிவிடாதீர்கள்.