"அப்ப எங்கப்பா தப்பு பண்றாருங்களா சார்?" – புவியியல் வகுப்பு அனுபவங்கள்

நொய்யல்கரை வாத்தியார்

ஒன்பதாம் வகுப்புப் புவியியலில் மனிதனையும் சுற்றுச்சூழலையும் பற்றி ஒரு பாடம் வருகிறது. வேறு மாவட்டத்தில் இருந்தால் அதைச் சட்டென்று முடித்துவிட்டு வரைபடப் பயிற்சிக்குப் போய்விடலாம். திருப்பூர்ப் பக்கம் அது நடக்காது. "தொழிற்சாலைக் கழிவுகள் ஆறுகளை மாசுபடுத்துகின்றன" என்று வாசித்தாலே பாதி வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அப்பா சாயப்பட்டறையில், அம்மா பனியன் கம்பெனி செக்கிங்கில், அண்ணன் பிரிண்டிங்கில். எல்லார் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தன் எழுந்து கேட்டான்: "எங்கப்பா டையிங்லதானுங்க சார் இருக்காரு. அப்ப எங்கப்பா தப்பு பண்றாருங்களா?"

வகுப்பு கப்சிப். ஆமாம் என்றால் அந்தப் பையன் அன்றைக்கு வீட்டுக்கு எப்படிப் போவான்? இல்லை என்றால் நான் எதற்குப் பாடம் நடத்துகிறேன்? "அப்பாகிட்ட ஒண்ணு கேட்டு எழுதிட்டு வாடா. ஒரு லாட் துணிக்கு எவ்வளவு தண்ணி, எவ்வளவு உப்பு?" என்று அனுப்பினேன்.

மறுநாள் வந்த துண்டுச் சீட்டு அப்பாவின் கையெழுத்தில் இருந்தது. சாஃப்ட் ஃப்ளோ என்கிற சாயம் ஏற்றும் மெஷினில் ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர். கறுப்பு, நேவி மாதிரி அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 70 கிராம் உப்பு. கணக்கைக் கரும்பலகையில் பிள்ளைகளே போட்டார்கள். 500 கிலோ லாட்டுக்கு 4,000 லிட்டர் தண்ணீர், 280 கிலோ உப்பு. அதுவும் சாயம் ஏற்றும் ஒரு கட்டத்துக்கு மட்டும். முன்னும் பின்னும் அலசுகிற தண்ணீர் தனி.

"அந்த உப்பு துணியில ஒட்டிக்குமா சார்?" ஒட்டாது. சாயத்தைத் தண்ணீரிலிருந்து பருத்திக்குள் தள்ளிவிடுவதோடு உப்பின் வேலை முடிந்தது, அப்படியே கழிவோடு வெளியே வந்துவிடும். சாயக்கழிவு என்றதும் எல்லாரும் சிவப்பும் நீலமுமாக ஓடும் ஆற்றைத்தான் நினைக்கிறோம். நிறத்தை நீக்குவது கொஞ்சம் சுலபம். கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துகிடக்கும் உப்புதான் கிணற்றுக்கும் வயலுக்கும் போய்ச் சேரும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஏன் மூடப்பட்டன, அப்புறம் சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையோடு ஏன் திறந்தன என்பதெல்லாம் அந்த 280 கிலோவுக்குப் பிறகுதான் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. ஆர்.ஓ.வில் வடிகட்டி, மீதியைக் காய்ச்சி, உப்புக் கரைசலைத் திரும்பப் பட்டறைக்கே அனுப்புகிறார்கள். பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் கிடக்கிறது. அதை என்ன செய்வது என்று பையன் கேட்டான். ஊரே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விதான்.

அடுத்து வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் அளந்தோம். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. மேட்டுப்பாளையத்திலிருந்து குழாயில் வரும் பவானித் தண்ணீர் நல்ல பிள்ளையாக இருந்தது. ஆற்றோரத் தெருக்களின் போர் தண்ணீர் ஆயிரங்களில் நின்றது. ஒரு பெண் கேட்டாள்: "நம்ம ஊருக்குள்ளயே ஆறு ஓடுது, நாம ஏனுங்க சார் மேட்டுப்பாளையத்துத் தண்ணியக் குடிக்கறோம்?" இதைவிட நல்ல தேர்வு வினாவை யாரும் எடுத்துவிட முடியாது.

அவளுடைய அம்மா ஊர் சென்னிமலைப் பக்கம், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டிய அணை. அதில் சாயக்கழிவும் சேர்ந்தே தேங்கியது. தாத்தா சொன்னதாக அவள் வகுப்பில் சொன்னாள்: "அணை கட்டறப்ப பொங்கல் வெச்சோம். அப்புறம் தண்ணியத் தேக்காதீங்க, தொறந்து உட்டுருங்கன்னு நாங்களே போய் நின்னோம்." பட்டறைக்காரர் மகனும் ஆயக்கட்டுக்காரர் பேத்தியும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சண்டை வரும் என்று பயந்தேன், வரவில்லை. "280 கிலோவ யாரு சொமக்கறதுன்னுதான சார் பிரச்சனை" என்று அந்தப் பையனே முடித்துவைத்தான்.

பெற்றோரைக் கூண்டில் ஏற்றுகிற மாதிரி இந்தப் பாடத்தை நடத்தினால் பிள்ளை காதை மூடிக்கொள்ளும். அதற்காக மழுப்பவும் கூடாது. அவர்கள் வீட்டுத் தொழிலறிவை வகுப்புக்குள் கொண்டுவர வைப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கண்மாய் டீச்சர்

சார், உங்களுக்கு உப்பு, எங்களுக்குச் சீமைக்கருவேலம். கமுதிப் பக்கம் பத்தாம் வகுப்பு எடுக்கிறேன். வளங்கள் பாடம் நடத்தும்போது, நிலத்தடி நீரைக் கெடுக்கும் அயல் தாவரம், ஒழிக்க வேண்டும் என்று நோட்ஸில் ஒரு வரி வரும். எழுதிப்போட்டுவிட்டுத் திரும்பினால் ஒருத்தி, "டீச்சர், எங்கக்கா கல்யாணமே அத வெட்டித்தான் முடிஞ்சுச்சு" என்கிறாள்.

ராமநாதபுரத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே மழை வடகிழக்குப் பருவத்தில் கொட்டினால்தான் உண்டு. ஒரு போகம் நெல், கொஞ்சம் மிளகாய். மழை ஏமாற்றிய வருஷத்தில் கஞ்சி ஊற்றுவது, சீமைக்கருவேலத்தை வெட்டிப் போடும் கரிமூட்டம். விறகுத் தட்டுப்பாட்டுக்கு ஆகும் என்று அரசே பரப்பிய மரம் இது. வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஆடு காயைத் தின்னும், புழுக்கையில் விதை விழும், மழை பெய்தால் முளைக்கும். கண்மாய்க்குள் ஏறிவிட்டால் வரத்துக்கால் அடைபடும், மண் மேடாகும், மடை வரை தண்ணீர் வராது.

கரி போடுவதை விளக்கச் சொன்னேன். பேசவே பேசாத ஒரு பையன் எழுந்தான். கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே ஓலையும் வைக்கோலும் போட்டு, ஈரமண் அப்பி, காற்றுக்கு ஓட்டை விட்டுத் தீ வைப்பார்களாம். "வெள்ளப் பொகையா வந்தா இன்னும் ஈரம் இருக்கு டீச்சர். நீலப் பொகை வந்துட்டா வெந்துருச்சு, உடனே ஓட்டைய அடைக்கணும். அசந்தோம்னா மொத்தமும் சாம்பல்." அறிவியல் டீச்சர் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், காற்றில்லாமல் எரிப்பதைப் பற்றி இவனையே எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கச் சொல்லிவிட்டார்!

அப்புறம் வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்றச் சொன்னபோது ஊருக்கு ஊர் ஜே.சி.பி. இறங்கியது. அந்த உத்தரவுக்கு ஒரு அணி ஆதரவாக, இன்னொரு அணி எதிராகப் பேச வேண்டும். "புடுங்கிட்டு என்ன நடுவீங்க? சும்மா போட்டா மறுபடி அதுதான மொளைக்கும்" என்பது எதிரணியின் கேள்வி. "பட்டா நெலத்துல வெச்சுக்கங்க, கண்மாய்க்குள்ள ஒரு குச்சி இருக்கக் கூடாது" என்பது ஆதரவு அணி கடைசியில் வந்து நின்ற இடம். கடைசியில் இரண்டு அணியும் இதில்தான் ஒத்துப்போனது. எந்த நோட்ஸிலும் இல்லாத விடை, ஆனால் ஊரில் விவரம் தெரிந்த பெரியவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

ஒரே மரம் வேலியோரத்தில் வளமாகவும் கண்மாய்க்குள் கேடாகவும் இருக்கும் என்பதை வரையறை எழுதிப்போட்டு நான் புரியவைத்திருக்க மாட்டேன்.

சிவப்புமை

எல்லாம் சரிதான். விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்காரும் ஆள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அங்கே விடைக்குறிப்பில் இருக்கும் பாயிண்ட்டுக்குத்தான் மார்க். நொய்யல் பையன் "280 கிலோவ யாரு சொமக்கறது" என்று எழுதினால், பக்கத்தில் இருப்பவர் சிரித்துவிட்டு ரெண்டு போடுவார். மறுசுழற்சி, மறுபயன்பாடு, சுத்திகரிப்பு என்று மூன்று வரி மனப்பாடமாக எழுதினவனுக்கு முழு மார்க். அதனால் உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டையும் பழக்கிவிடுங்கள். கதையைச் சொல்லிவிட்டு, கடைசிப் பத்து நிமிஷம் அதையே தலைப்பு போட்டு எழுத வையுங்கள். ஏழைப் பிள்ளைக்கு மார்க்கும் ஒரு வளம்தான்.

வலிகாமம்

நான் யாழ்ப்பாணத்தில் சாதாரண தர (பத்தாம், பதினோராம் ஆண்டு) வகுப்புகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். கண்மாய் டீச்சரின் கதையை வாசிக்க கிளிநொச்சியில் இருக்கும் இரணைமடுக் குளம் பற்றிய எங்கட பாடம் நினைவுக்கு வந்தது.

தெரியாதவர்களுக்கு ஒரு முன்கதை. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கடலில் இருந்து உள்ளே ஊறியிருக்கும் உவர்நீருக்கு மேலே நன்னீராக மிதக்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் மூச்சு அளவாக இருந்தது, தண்ணீரும் அளவாக வந்தது. மோட்டார் வந்த பிறகு அந்தக் கணக்கு இல்லை. கூடவே வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் உரமும், மலசலகூடக் குழியும் அதே கல்லின் வெடிப்பு வழியாக அதே கிணற்றுக்கு வருகின்றன. இப்படிச் சேரும் நைத்திரேற்று (நைட்ரேட்) பற்றிப் பிள்ளைகள் இரசாயனப் பாடத்தில் படிப்பார்கள், தங்கள் வீட்டுக் கிணற்றோடு அதைச் சேர்த்துப் பார்ப்பது குறைவு.

இதைக் காட்டுவதற்கு ஒரு சின்ன வேலை செய்கிறேன். பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டிவிட்டு, பீற்றூட் சாறு கலந்த கடும் உப்புத் தண்ணீரை அடியில் ஊற்றுவேன். மேலே ஒரு கரண்டியைப் பிடித்து, அதில் மெதுவாக நல்ல தண்ணீரை விட வேண்டும். அவசரப்பட்டால் கலந்துவிடும். நிதானமாக விட்டால் கீழே சிவப்பும் மேலே தெளிவுமாக இரண்டு அடுக்கு நிற்கும். பிறகு ஸ்ட்ரோவை மேல் அடுக்குக்குள் மட்டும் இறக்கி ஒரு பிள்ளையை உறிஞ்சச் சொல்வேன். மெதுவாக உறிஞ்சினால் தெளிந்த தண்ணீர் வரும். பலமாக இழுத்தால் சிவப்பு கூம்பு போல எழும்பி ஸ்ட்ரோவுக்குள் ஏறும். உறிஞ்சிய பிள்ளையின் முகம் போகும் போக்கில் மற்றவர்களுக்கும் விளங்கிவிடும், உப்பு வந்துவிட்டது என்று!

இனி இரணைமடு. அந்தக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டுவருவது என்று ஒரு திட்டம் வந்தது. கிளிநொச்சி விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள். பேச்சுவார்த்தை, அறிக்கை, அரசியல் என்று இழுபட்டு, கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி 2024இல் திறந்தார்கள். வகுப்பில் இதை எடுத்தபோது எங்கட பிள்ளைகள் எல்லாரும் ஒரே பக்கம், "குடிக்கிற தண்ணிதானே மிஸ், குடுத்தால் என்ன?" பரந்தனில் இருந்து வந்து பெரியம்மா வீட்டில் நின்று படிக்கும் ஒரு பெடியன் மட்டும் எழும்பினான்.

"எங்கட அப்பா சிறுபோகம், அதான் கோடை நெல், விதைக்கிறதோ இல்லையோ எண்டு குளத்து மட்டத்தைப் பாத்துத்தான் முடிவெடுக்கிறவர். தண்ணி காணாத வருசம் எல்லாருக்கும் காணி பிரிச்சுக் குடுப்பினம், உனக்கு அரை ஏக்கர், எனக்கு அரை ஏக்கர் எண்டு. அதுக்குள்ள உங்களுக்கும் ஒரு பங்கு எண்டால், எந்த அரை ஏக்கரை விடச் சொல்லுறியள்?"

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சிறிது நேரத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை, "அப்ப கடல்தண்ணி நல்லதுதானே, ஒருத்தரின்ர பங்கிலயும் கை வைக்கத் தேவையில்லை" என்றாள். தாளையடிக் கடற்கரையில் மாமா தொழில் செய்யும் இன்னொருத்தி உடனே கேட்டாள்: "பிரிச்செடுத்த உப்பைத் திரும்ப எங்க விடுறவை?" சிவப்புமை ஐயா, இந்தக் கேள்வியை எந்தத் தலைப்பின் கீழ் எழுத வைப்பது என்று நீங்களே சொல்லுங்கோ.

நொய்யல்கரை வாத்தியார்

வலிகாமம் டீச்சர், உப்பை எங்கே விடுவது என்பதில் எங்கள் பையனும் உங்கள் பிள்ளையும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். இங்கே கொட்டகை, அங்கே கடல். இரண்டு வகுப்பும் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதினால் நன்றாக இருக்கும். பெயர், முகவரி இல்லாமல் பள்ளிக்குப் பள்ளி அனுப்பிக்கொள்ளலாம். தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

கண்மாய் டீச்சர்

ஸ்ட்ரோ சோதனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் கடலோரக் கிராமங்களிலும் இதே கதைதான், ஆழமாக போர் போட்டவர் வீட்டில் உப்பு, ஊருணித் தண்ணீர் இனிப்பு. ஒரு சந்தேகம்: போத்தலில் மணல் போட்டுச் செய்தால் நிலத்தடி மாதிரியே இருக்குமே?

வலிகாமம்

மணல் போட்டால் நிறம் தெரியாது, நான் செய்து பார்த்தேன். கோலிக்குண்டு போடுங்கோ. இடைவெளியில் சிவப்பு ஏறுவது வடிவாகத் தெரியும். ஸ்ட்ரோவை முதலே குண்டுகளுக்கு நடுவில் நட்டுவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும், பிறகு குத்தினால் அடுக்குக் கலங்கிப்போகும். பீற்றூட் கிடைக்காவிட்டால் செம்பரத்தம்பூவைக் கொதிக்கவைத்த தண்ணீரும் சரிவரும். பேனை மை மட்டும் வேண்டாம், பிள்ளைகள் வாயில் வைப்பது.