ஒப்பந்தம் ‘கேன்சல்’ ஆனதா, ‘எக்ஸ்பயர்’ ஆனதா? எந்த வினையைப் போடுவது?

பனியன்_ஊர்க்காரன்:
வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுவது என் வேலை. சரக்கைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ஒரு லாரி சர்வீஸோடு ஓராண்டு ஒப்பந்தம் இருந்தது. மார்ச் 31-ஆம் தேதியோடு அது முடிந்தது. "அந்த ஒப்பந்தம் ரத்துன்னு எழுதிப் போடுப்பா" என்றார் முதலாளி. நானும் ‘வீ ஹேவ் கேன்சல்டு த கான்ட்ராக்ட்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். இப்போது அவர்கள், "60 நாள் நோட்டீஸ் தராமல் நீங்களாகவே முறித்துவிட்டீர்கள், நஷ்டஈடு கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. எப்படித் திருத்தி எழுதுவது?

மொழிபெயர்ப்பாளர்:
பதறாதீர்கள் தம்பி. தமிழில் ‘ரத்து’ என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்கிறோம், சிக்கல் அங்கேதான். ஆங்கிலத்தில், முடித்தது யார் என்பதைப் பொறுத்து வினை மாறும்.

கெடு தீர்ந்து தானாக முடிந்தால் ‘எக்ஸ்பயர்’. அதை யாரும் செய்வதில்லை. அதனால் ‘வாஸ் எக்ஸ்பயர்டு’ என்று எழுதாமல் வெறும் ‘எக்ஸ்பயர்டு’ என்று எழுதுங்கள். கெடுவுக்கு முன்பே ஒரு தரப்பு முடித்துக்கொண்டால் ‘டெர்மினேட்’. நோட்டீஸ் பேச்செல்லாம் இதற்குத்தான். ‘ரிசிண்ட்’ இன்னும் கனமானது: ஏமாற்றியோ மிரட்டியோ ஒப்புக்கொள்ள வைத்த ஒப்பந்தத்தை உதறுவது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 64-ஆம் பிரிவுப்படி, அப்படி உதறுகிறவர் அதில் அடைந்த பலனைத் திருப்பித் தர வேண்டும். ‘கேன்சல்’ பொதுவாக ஆர்டருக்கும் டிக்கெட்டுக்கும் வரும் சொல். ஒப்பந்தத்துக்குப் போட்டால், நீங்களே முறித்ததாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

பத்திர_எழுத்தர்:
அவர் சொன்னது சரி. ஆனால் ‘எக்ஸ்பயர்’ என்று எழுதுவதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். யாரும் மறுக்காவிட்டால் தானாகவே அடுத்த ஆண்டுக்கும் தொடரும் என்று ஒரு வரி இருந்தால், அது முடியவே இல்லை. அப்புறம் அந்தச் சொல்லே பொய்யாகிவிடும்.

இன்னொன்று, ‘எக்ஸிகியூட்’. பத்திரத்தில் ‘எழுதிக் கொடுப்பவர்’ என்று போடுகிறோமே, அவர்தான் எக்ஸிகியூட் செய்பவர். அதாவது கையெழுத்திட்டுப் பத்திரத்தை முழுமையாக்குகிறவர். கான்ட்ராக்டர்களோ வேலையைச் செய்து முடிப்பதற்கும் இதே சொல்லை எழுதுகிறார்கள். இரண்டும் தப்பில்லை, ஆனால் ஒரே கடிதத்தில் இரண்டு பொருளிலும் வந்தால் வம்புதான். நான் ‘சைன்’, ‘பெர்ஃபார்ம்’ என்று பிரித்தே எழுதுவேன்.

பனியன்_ஊர்க்காரன்:
ரொம்ப நன்றி ஐயா. எடுத்துப் பார்த்தேன். இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே தொடரும் என்றிருக்கிறது. 60 நாள் நோட்டீஸ், கெடுவுக்கு முன் முடித்தால் மட்டும். ஒரு சந்தேகம்: தொடர்வதற்கு ‘எக்ஸ்டெண்ட்’ போடலாமா, ‘ரினியூ’ போடலாமா?

மொழிபெயர்ப்பாளர்:
ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தத்தின் கெடுவை நீட்டினால் ‘எக்ஸ்டெண்ட்’. கெடு முடிந்து அடுத்த தவணைக்குப் புதிதாகப் போட்டால் ‘ரினியூ’. உங்களுக்கு ‘ரினியூ’தான். பழைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு, அதில் ‘கேன்சல்டு’ என்ற சொல் தவறாக வந்துவிட்டது என்று நேராகவே எழுதுங்கள். அப்புறம் இந்த வரி போதும்: ‘த அக்ரிமென்ட் எக்ஸ்பயர்டு ஆன் 31 மார்ச் அண்ட் வாஸ் நாட் ரினியூட்.’

பத்திர_எழுத்தர்:
கெடு பற்றிய பிரிவின் எண்ணையும் அந்த வரியிலேயே சேர்த்துவிடுங்கள். நஷ்டஈடு கேட்டிருப்பதால், அனுப்பும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது.

பனியன்_ஊர்க்காரன்:
சரிங்க ஐயா. முதலாளியிடம் காட்டினேன், "வக்கீல் பார்த்ததும் அனுப்பிடு" என்றார். நாளைக் காலையில் வக்கீலைப் பார்க்கப் போகிறேன்.