கஜா புயல் நேரத்தில் மரம் அறுத்தவர்களே, காது எப்படி இருக்கிறது?

ஒரத்தநாட்டான்:
2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்தது, மிச்சம் உங்களுக்கே தெரியும். பேராவூரணிப் பக்கம் ஈபி வண்டி போக, ரோட்டில் கிடந்த தென்னைகளை அறுத்துத் தள்ளும் வேலை எங்களுக்கு. பெட்ரோல் தீரும்வரை மெஷின் ஓயாது. ஒரு தோப்புக்கார ஆத்தா பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார். மெஷினை அணைத்தேன். அப்பவும் அவர் வாய் அசைந்ததுதான் தெரிந்தது, காதுக்குள் ஒரே ‘ங்ங்’. இரண்டாம் தரம் கேட்கக் கூச்சம். “சரி ஆத்தா” என்று தலையாட்டினேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். எதற்குச் சரி சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

முடிச்சூர்வாசி:
மரம் அறுப்பது மட்டும்தான் சத்தமா? 2015 வெள்ளத்தில் எங்கள் தெருவில் ராத்திரி பகலாக டீசல் பம்பு ஓடியது. ஓட்டியவர் காதில் வெறும் பஞ்சு. டீசல் ஊற்ற இன்ஜினை நிறுத்திய நேரம் அப்பா டீ கொண்டுபோனார். “சர்க்கரை கம்மியா போடுங்க” என்று பம்புக்காரர் போட்ட சத்தத்தில், சண்டை என்று நினைத்து எதிர்வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். பம்புக்காரருக்கோ தான் கத்துவதே தெரியவில்லை. உங்களுக்காவது பெட்ரோல் தீர்ந்தால் ஓய்வு.

சேஃப்டி ஆள்:
பஞ்சை நம்பாதீர்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) சொல்லும் வரம்பு, 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் சத்தம். மேலே 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். மரம் அறுக்கும் மெஷின் அதையும் தாண்டும். நுரை இயர் பிளக்கை மெல்லிசாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே இழுத்துச் செருகுங்கள். அது உப்பும்வரை விரலை எடுக்காதீர்கள். பாதிப் பேர் காது வாசலிலேயே சொருகிவிட்டு ‘சத்தம் குறையலையே’ என்பார்கள். அடைத்தபின் கூப்பிட்டால் கேட்காது, அதனால் கைஜாடை காட்ட ஒரு ஆள் நிற்கணும். வேலை முடிந்ததும் ஆடியோகிராம், அதாவது காது கேட்கும் திறன் சோதனை, எடுங்கள்.

என் கதை சின்னது. 2014-ல் சென்னை மவுலிவாக்கத்தில் அடுக்குமாடிக் கட்டிடம் இடிந்த இடத்தில், உள்ளே குரல் வருகிறதா என்று கேட்க மெஷின்களை நிறுத்தினார்கள். பக்கத்தில் நின்றவர் “கேட்குது” என்றார். எனக்குக் கேட்கவில்லை.

ஒரத்தநாட்டான்:
சார், நிவாரண லாரியில் பிரட்டும் மெழுகுவர்த்தியும் போர்வையும் வந்தது. இயர் பிளக் யார் அனுப்பினார்கள்? முடிச்சூர்க்காரரே, பெட்ரோல் தீர்ந்தால் ஓய்வில்லை, அடுத்த கேன் தயாராக இருக்கும். அது கிடக்கட்டும், எனக்கு இரைச்சல் இடது காதில் மட்டும்தான். ஆடியோகிராம் தஞ்சாவூரில் எடுக்கலாமா?