டிபிஎஃப் கழட்டி இஜிஆர் அடைச்சா என்ஜின் ஆயுள் கூடுமா? (பிஎஸ்6 டீசல்)

வேளச்சேரி டீசல்:
2021 மாடல் கார், 1.5 டீசல், 48,000 கி.மீ. தினமும் வேளச்சேரி – பெருங்குடி, ஒரு பக்கம் 6 கி.மீ., அதுக்கே அரை மணி ஆகுது. டிபிஎஃப் (புகையில வர்ற கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) விளக்கு அடிக்கடி எரியுது. மெக்கானிக் சொல்றது: "ஃபில்டரை உள்ளே குடைஞ்சுட்டு, இஜிஆருக்கு (புகையில ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்கே அனுப்புற வால்வு) பிளேட் வெச்சு அடைச்சுடலாம். தான் விட்ட புகையைத் தானே குடிக்கிற என்ஜின் எப்படி உருப்படும்?" டிப்ஸ்டிக்ல ஆயில் மேக்ஸ் கோட்டுக்கு மேல அரை விரல் நிக்குது, டாப்அப் பண்ணவே இல்லை. என்ன செய்யலாம்?

ஸ்பேனர் 10-12:
முதல்ல அந்த ஆயிலைப் பாருங்க சார், விளக்கு அப்புறம். ஏறியிருக்கிறது டீசல். ஃபில்டர்ல சேர்ந்த கரியை எரிக்க 600 டிகிரி வேணும். அதுக்காக ஈசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) பவர் ஸ்ட்ரோக் முடியுற நேரத்துல கூடுதலா டீசல் அடிக்கும். நடுவுல வண்டியை அணைச்சா இந்தக் கரி எரிக்கிற வேலை, அதாவது ரீஜென், பாதியில நிக்கும், அடுத்த தடவை மறுபடி முதல்லேருந்து. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு கீழே ஆயில் தங்குற சம்ப்புக்குப் போகும். ஆயில் நீர்த்துப்போனா முதல் அடி டர்போ பேரிங்குக்கும் கிராங்க் பேரிங்குக்கும்தான்.

ஆயில், ஆயில் ஃபில்டர் ரெண்டும் மாத்துங்க. மேனுவல்ல சொன்ன கிரேடு, சாம்பல் குறைஞ்ச ஆயிலா (பெரும்பாலும் ஏசிஇஏ சி3) இருக்கணும். கரி எரியும், ஆயில் சேர்மானத்துலேருந்து வர்ற சாம்பல் எரியாது, ஃபில்டர்லயே தங்கிடும். ஆயில் மாத்தாம ஸ்கேனர் வெச்சு ஃபோர்ஸ்டு ரீஜென் போட விடாதீங்க. அப்புறம் கால் டேங்குக்கு மேல டீசலோட வண்டலூர் அவுட்டர் ரிங் ரோட்ல ஒரு கியர் குறைச்சு, 2000 ஆர்பிஎம்முக்கு மேல 20 நிமிஷம் நிக்காம ஓட்டுங்க. ஐடில் ஏறி, மைலேஜ் சட்டுனு விழுந்தா ரீஜென் நடக்குதுன்னு அர்த்தம். அப்ப அணைக்காதீங்க.

கார்பன் கிளீனர்:
மெக்கானிக் சொல்றதுல பாதி நிஜம். இஜிஆர் கரியும் கிராங்க்கேஸ் ஆயில் ஆவியும் சேர்ந்து இன்டேக் மேனிஃபோல்டுல தார் மாதிரி படியும், மறுக்க முடியாது. அதுக்கு வழி மேனிஃபோல்டையும் வால்வையும் கழட்டிக் கழுவுறது. அடைச்சா எரியுற சூடு கூடி நைட்ரஜன் ஆக்சைடு ஏறும், பி0401 (இஜிஆர் ஓட்டம் போதலைங்கிற பிழைக் கோடு) வந்து செக் என்ஜின் விளக்கு அணையாது. கோடு இருக்கிற வரைக்கும் பல வண்டியில ரீஜெனே ஆரம்பிக்காது. அப்புறம் ஈசியூவையும் நோண்டணும்பார், செலவு அங்கேருந்து ஓடும். ஃபில்டரைக் குடையறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-க்கு விரோதம். புகைக்கு 190(2)-ல 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம் இருக்கு.

இன்னொண்ணு. சாவி ஆன், என்ஜின் ஆஃப் நிலையில ஸ்கேனர்ல டிபிஎஃப் டிஃபரன்ஷியல் பிரஷர் (ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம்) பூஜ்யம் காட்டணும். காட்டலைன்னா சென்சார் பொய் சொல்லுது. சென்சாருக்குப் போற ரெண்டு சின்ன ரப்பர் ஹோஸையும் விரலால அழுத்திப் பாருங்க, வெடிச்சிருந்தாலும் அடைச்சிருந்தாலும் ரீடிங் தப்பாத்தான் வரும்.

வேளச்சேரி டீசல்:
பிரஷர் பூஜ்யம்தான், ஹோஸ் நல்லா இருக்கு. கூலன்ட் சிக்னல்ல 84 டிகிரி, பைபாஸ்ல 80 கி.மீ. வேகத்துல போனா 66 டிகிரிக்கு இறங்குது. இது சரியா?

ஸ்பேனர் 10-12:
பிடிச்சாச்சு! காத்து அடிக்கிறப்ப இறங்கினா, ரேடியேட்டருக்குக் கூலன்ட் போறதைக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட் வால்வு திறந்தே நிக்குது, இல்லைன்னா உள்ளே வால்வே இல்லை. "மெட்ராஸ் வெயிலுக்கு இது எதுக்கு"ன்னு கழட்டிப் போடறது இங்கே பழைய பழக்கம். என்ஜின் சூடு போதலைன்னா ஈசியூ ரீஜெனைத் தள்ளிப்போடும், அதுக்குள்ள கரி மலை மாதிரி சேர்ந்துடும். வால்வும் ஓ-ரிங்கும் புதுசு போட்டு, கூலன்ட்ல காத்து இல்லாம ப்ளீட் பண்ணுங்க. பைபாஸ்ல கூலன்ட் 80 டிகிரிக்குக் கீழ போகாம நின்ன பிறகு ஆயில் மாத்துங்க, ரீஜென் ஓட்டம் அதுக்கப்புறம்.