கதவிலும் கூரையிலும் ஒரே சூரியன்

கோயம்புத்தூரிலிருந்து:

"கட்டடக் கலைஞருக்கு ஓவியம் எதற்கு?" என்ற கேள்வியை நானும் கேட்டு வளர்ந்தவன். கட்டடங்களுக்கு விளக்கு அமைப்பு வரைவது என் தொழில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வரைபடத்தின் ஓரத்தில் நீர்வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். மேலாளர் பார்த்துவிட்டு, "முதலில் சுவிட்ச் எங்கே வருகிறது என்று குறியுங்கள்" என்றார். அதன்பின் பல ஆண்டுகள் தூரிகையைத் தொடவே இல்லை.

ஒரு வேலையாகச் சண்டிகர் போனபோது, கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே வடிவமைத்த சட்டமன்றக் கட்டடத்தின் எனாமல் கதவைப் பார்த்தேன். வழிகாட்டி கிளம்பிய பிறகும் எனக்கு நகர மனம் வரவில்லை. மேற்பாதியில் சூரியன் கோடையிலும் குளிரிலும் ஏறி இறங்கும் பாதை, கிரகணம். கீழே ஆறு, மரம், விலங்குகள். அத்தனையும் லெ கார்பூசியே தீட்டியவை. 1964-இல் பிரான்ஸ் தந்த அன்பளிப்பு அது. அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். மறு ஆண்டு மத்தியதரைக் கடலில் நீந்தப் போனவர் உயிரோடு திரும்பவில்லை.

அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் மன்றத்தைச் சொல்ல வேண்டும். மின்நிலையக் குளிர்விப்புக் கோபுரம் போன்ற வடிவம். கூரைக்கு மேலே உயர்ந்து நிற்கும் அதன் வாய் சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறது, சூரிய ஒளி உள்ளே இறங்குவதற்காக. கதவில் வண்ணத்தால் வரைந்த சூரியனைத்தான் கூரையில் கான்கிரீட்டால் பிடிக்கப் பார்த்திருக்கிறார். இரண்டும் ஒரே கையின் வேலை, ஒரே எண்ணம். ஓவியத்தைத் தனியே பிரித்து எடுத்துவிட்டால் அந்தக் கட்டடம் எனக்குப் புரிந்திருக்காது.

என் தொழில் சார்ந்து இன்னொன்று. பிரான்ஸின் மார்சேய் நகரில் தான் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புக்காக 1952-இல் அவர் ஒரு கான்கிரீட் விளக்கு வடிவமைத்தார். பின்னர் சண்டிகரின் சுக்னா ஏரிக்கரைக்கும் பக்ரா அணைக்கும் அதையே பயன்படுத்தினார். பல்பு கண்ணில் படாது. ஒளி கான்கிரீட்டில் பட்டுத் தெறித்து நடைபாதையில் விழும். கண் கூசாத வெளிச்சத்துக்காகத் தினமும் போராடுகிற எனக்கு அந்த எளிமை பொறாமையாகவே இருந்தது.

ஊர் திரும்பிய வாரமே வண்ணப்பெட்டி வாங்கினேன்.

பாரிஸிலிருந்து:

கோவை நண்பரே, லெ கார்பூசியே வாழ்ந்த வீட்டை இங்கே பார்த்தேன். 1934 முதல் கடைசி வரை இருந்த மாடி வீடு. காலை நேரம் ஓவியத்துக்கு, பிற்பகல் அலுவலகத்துக்கு என்று வகுத்துக்கொண்டு வாழ்ந்தவர். சுவிட்சர்லாந்தில் கைக்கடிகார உறைகளில் செதுக்கு வேலை பழகிய பையன். கட்டடக்கலைப் பட்டம் எதுவும் கிடையாது. லெ கார்பூசியே என்பது புனைபெயர்; 1928 வரை ஓவியங்களில் ஜான்னெரே என்ற சொந்தக் குடும்பப் பெயரைத்தான் இட்டார். கட்டடங்களால் கிடைத்த புகழில் ஓவியர் மறைந்துபோனது அவருக்கு வருத்தம் என்பார்கள். எனக்கும் அதுவே வருத்தம்.

ஓவிய அறையில் ஒரு பக்கச் சுவருக்குப் பூச்சே இல்லை. பக்கத்துக் கட்டடத்தை ஒட்டிய கரடுமுரடான கற்சுவரை அப்படியே விட்டிருக்கிறார். நான் போனது காலை நேரம். ஜன்னல் வெளிச்சம் அந்தக் கற்களின் மேடுபள்ளங்களில் ஊர்ந்துகொண்டிருந்தது. வண்ணம் குழைத்தபடி அவர் நாள்தோறும் பார்த்த சுவர் அது.