போஸ்டர் படிக்கிற சாக்கில்

காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வயது 63. மதுரையில் மளிகைக்கடை. முப்பது வருடம் கல்லாவில் நின்றே பிழைப்பு, தினம் ஒரு பாக்கெட் சிகரெட். கடையிலிருந்து வீட்டுக்கு நடந்துதான் போவேன். மூன்று வருடம் முன்பு, ஏழாவது கரண்டு கம்பம் தாண்டும்போது வலது கெண்டைக்கால் கல் மாதிரி இறுக ஆரம்பித்தது. இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடும். மறுபடி நடந்தால் மறுபடி ஏழு கம்பம்தான், அளந்து வைத்த மாதிரி.

நடுத்தெருவில் சும்மா நின்றால் "என்ன அண்ணாச்சி, மயக்கமா?" என்று வந்துவிடுவார்கள். அதனால் சுவரில் போஸ்டர் படிக்கிற மாதிரி நிற்பேன். மதுரையில் போஸ்டருக்கா பஞ்சம்? யார் வீட்டுக் காதணி விழா, யாருக்குக் கண்ணீர் அஞ்சலி, எல்லாம் எனக்கு அத்துப்படி.

அப்புறம் மெதுவாக ஒவ்வொன்றாக நின்றது. கல்யாணப் பத்திரிகை வந்தால், வண்டியை விட்ட இடத்திலிருந்து மண்டபம் எத்தனை கம்பம் என்பதுதான் முதல் கணக்கு. ஏழுக்கு மேல் போனால் பையனை அனுப்பிவிடுவேன். அழகர் ஆற்றில் இறங்குவதை இரண்டு வருடம் டிவியில் பார்த்தேன். வீட்டில் தைலம் தேய்த்துவிட்டார்கள். நானும் நரம்பு இழுக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வலிச்சா உட்காரணுமா, நின்னாலே போயிடுதா?" நின்றாலே போய்விடும் என்றேன். முதுகுத்தண்டில் நரம்பு அழுந்தினால் பெரும்பாலும் உட்கார்ந்தாலோ குனிந்தாலோதான் விடுமாம். படுக்க வைத்து, கையில் பிரஷர் பார்க்கிற மாதிரியே கணுக்காலிலும் பட்டை சுற்றிப் பார்த்தார். கையில் 150, காலில் 96. வகுத்தால் 0.64. அது 0.9-க்கு இறங்கினாலே காலின் ரத்தக் குழாயில் அடைப்பு என்று எடுத்துக்கொள்வார்களாம். சிகரெட்டை விடச் சொன்னார், ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் எழுதினார். கடைசியில், "நல்லா நடங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நடந்தால்தானே ஐயா வலிக்கிறது?

அவர் சொன்ன முறை இதுதான். வலி வந்த உடனே நிற்கக் கூடாது, தாங்குகிற வரை கொஞ்சம் தள்ளிப்போக வேண்டும். பிறகு நின்று, வலி முழுக்கப் போனதும் திரும்ப நடக்க வேண்டும். நிற்கிற நேரமும் சேர்த்து முக்கால் மணி நேரம், வாரம் மூன்று நாளாவது, பன்னிரண்டு வாரம். முதல் மூன்று வாரம் ஒரு மண்ணும் தெரியவில்லை. ஐந்தாவது வாரம் ஒருநாள் பேசிக்கொண்டே பத்தாவது கம்பத்துக்கு வந்திருந்தேன். மூன்று மாதம் முடிந்தபோது பத்தொன்பது. (சிகரெட்டை விட்ட கதை தனி. இரண்டு தடவை தோற்றுத்தான் விட்டேன்.)

திரும்பக் காலில் பிரஷர் பார்த்தார்கள். 0.66. "அப்படியேதானே இருக்கு?" என்றேன். "குழாய் திறக்கலை அண்ணாச்சி. வர்ற ரத்தத்தைத் தசை சிக்கனமாச் செலவழிக்கப் பழகிடுச்சு" என்றார். வரவு கூடாமலே கடை லாபத்தில் ஓடுகிற கதை. எனக்கு அது சட்டென்று புரிந்தது.

*

கோவையிலிருந்து எழுதுகிறேன். ஐயாவுக்கு வலி வந்தது ஒரு வகையில் அதிர்ஷ்டம். என் அம்மாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. கால் மரத்துப்போய் வலியே தெரியவில்லை, அதிகம் நடப்பதும் இல்லை. இதே கணுக்கால் டெஸ்டில் 1.45 வந்தது. 0.9-க்கு மேல்தானே, பயமில்லை என்று விட்டுவிட்டோம். புதுச் செருப்பு கடித்த புண் இரண்டு மாதமாக ஆறாதபோதுதான் வேறு டாக்டர் விளக்கினார்: 1.4-க்கு மேல் போனால் குழாயில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது, பட்டையால் அழுத்த முடியவில்லை, அந்த நம்பரை நம்பக் கூடாது. கால் விரலில் தனியாகப் பார்த்தார்கள், மிகக் குறைவு.

ராத்திரி அம்மா காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டுத் தூங்குவார். புழுக்கம் என்று நினைத்து ஃபேனைக் கூட்டிவைப்பேன். தொங்கப்போட்டால் ரத்தம் கொஞ்சம் கீழே இறங்கும், அந்தச் சுகத்துக்காக என்று பிறகுதான் தெரிந்தது. பலூன் வைத்துக் குழாயை விரித்தார்கள். சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. புண் இருக்கிறவர்கள், படுத்திருக்கும்போதே வலிக்கிறவர்கள் ஐயா சொன்ன நடையைத் தானாக ஆரம்பிக்க வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். சுட்டுப் பொத்துப் போனாலும் தெரியாது.

இப்போது அம்மா வாசல்வரை போய்க் கோலம் போடுகிறார். நாலு புள்ளிக் கோலம்தான். போட்டு முடித்துவிட்டு எதிர்வீட்டு அம்மாவிடம் அரை மணி நேரம் பேசுவார். முன்பு பதினைந்து புள்ளி போட்ட காலத்திலும் அவ்வளவுதான் பேசுவார்.

*

நான் பிசியோதெரபிஸ்ட். அண்ணாச்சியின் போஸ்டர் வித்தைக்கு ஜெர்மனியில் பெயரே உண்டு: ஷௌஃபென்ஸ்டர்கிராங்க்ஹைட், 'கடைக் கண்ணாடி நோய்'. அங்கே கடை வாசலில் பொருள் பார்க்கிற மாதிரி நிற்பார்கள்.

2012-ல் அமெரிக்காவில் வெளிவந்த கிளெவர் (CLEVER) என்ற ஆய்வு ஒன்று உண்டு. இடுப்புப் பக்கத்துக் குழாயில் அடைப்பு இருந்தவர்களில் சிலருக்கு ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கிற வலைக்குழல்), சிலருக்கு ஆள் கூட இருந்து சொல்லித்தந்த நடைப்பயிற்சி. ஆறு மாதம் கழித்து டிரெட்மில்லில் அதிக நேரம் நடந்தது பயிற்சிக்காரர்கள். ஆனால் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்ற கேள்வித்தாளில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத்தான் முன்னேற்றம் கூடுதல். எத்தனை நிமிடம் நடக்கிறார் என்பதும், நன்றாக இருக்கிறேன் என்று அவருக்குத் தோன்றுவதும் ஒன்றல்ல. அதைப் படித்ததிலிருந்து, வருகிறவர்களிடம் "எங்கே போகணும்னு ஆசை?" என்றுதான் முதலில் கேட்கிறேன். சந்தை, கோயில், பேரன் பள்ளிக்கூடம் என்று ஏதாவது வரும். அந்தத் தூரத்தைத்தான் இலக்காக வைப்போம்.

*

மதுரைக்காரன் மறுபடி. பிசியோதெரபி தம்பி கேட்கிற மாதிரி யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் வைகை ஆறு என்று சொல்லியிருப்பேன். இந்தச் சித்திரைக்கு விடிவதற்கு முன்பே கிளம்பி, கோரிப்பாளையம் பக்கமிருந்து நடந்தே வைகைக்குப் போய்விட்டேன். வழியில் மூன்று இடத்தில் நின்றேன். யாரும் கேட்கவில்லை, அந்தக் கூட்டத்தில் எல்லோருமே நின்று நின்றுதான் நகர்கிறார்கள்.

கோவையிலிருந்து எழுதியவரே, நீங்கள் எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். எனக்கும் சர்க்கரை எல்லையில் இருக்கிறது. வெந்நீர்ப் பை பரண்மேல் போய்விட்டது.