ஓய்வுக்குப் பிறகு ஆஸ்பத்திரிச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்குவது? கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா

குழித்துறை54:

மார்த்தாண்டத்தில் ஒரு பைக் ஷோரூமில் கணக்குப் பார்க்கிறேன். வயது 54, இன்னும் நாலு வருடத்தில் ஓய்வு. மனைவிக்கு 50, பக்கத்து அண்டி ஆபீசில் (முந்திரிப் பருப்பு ஆலை) பதினொரு வருடமாக வேலை. ஓய்வுக்குப் பிறகு மாதம் என்ன ஆகும் என்று போன வாரம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அரிசி, மீன், கரண்ட், கேஸ், கோயில் கொடை, கல்யாண மொய் வரைக்கும் மளமளவென்று ஓடிவிட்டது. மருத்துவம் என்று எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது.

எனக்கு ஒன்பது வருடமாக சுகர், அவளுக்கு பிரஷரும் தைராய்டும். கம்பெனியில் 3 லட்சத்துக்கு குரூப் இன்சூரன்ஸ் இருக்கிறது, வேலையை விட்டால் அதுவும் போய்விடும். கூட்டாளி ஒருவர் 10 லட்சத்தைத் தனியாகப் போட்டு வை, போதும் என்கிறார். மச்சான், 50 லட்சம் இல்லாமல் ஓய்வு பற்றிப் பேசாதே என்கிறான். எந்தக் கணக்கு என்று கேட்டால் இரண்டு பேரிடமும் பதில் இல்லை. அப்பா வழியில் வந்த 35 சென்ட் ரப்பர் இருக்கிறது, ஆத்திர அவசரத்துக்கு அதைக் கொடுத்தால் போதாதா என்றும் மனசு சொல்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரப்பர்பால்:

அண்ணாச்சி, கடைசியில் சொன்னீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். ரப்பரை நம்பாதீர்கள். எங்கள் அப்பா படுத்தபோது நாங்களும் 20 சென்ட் விற்றோம். வீட்டில் ஆள் படுத்த படுக்கையாக இருக்கிறது என்று தெரிந்ததும் புரோக்கர் ஒரு தடவை வந்து ஒரு விலையைச் சொல்லிவிட்டுப் போனவர், பத்து நாள் எட்டிப் பார்க்கவில்லை. பதினோராம் நாள் நாங்களே போன் போட்டோம். அவ்வளவுதான் பேரம்.

அப்பா போன பிறகு அம்மா ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக் கொடுத்தாள். 26 மாதத்து பில்கள், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டாக. மருந்துக்கடை பில் பாதிக்கு மேல் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாள், அதை எல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூட்டினேன். ஆஸ்பத்திரியில் படுத்தது மூன்று தடவை, மொத்தம் 19 நாள், 4 லட்சத்து 10 ஆயிரம். அதில் 2 லட்சத்து 90 ஆயிரம் இன்சூரன்சில் வந்தது. வீட்டில் வைத்துப் பார்த்தோமே, மருந்து, டயப்பர், வாடகைக் கட்டில், வீட்டுக்கு வந்த பிசியோதெரபி, ஆட்டோ, எல்லாவற்றுக்கும் மேலே 14 மாதம் ஹோம் நர்ஸ் சம்பளம், அது 5 லட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டியது. இதில் ஒரு பைசா இன்சூரன்ஸ் தரவில்லை. ஹோம் நர்ஸுக்கு மட்டும் மாதம் 22 ஆயிரம், சாப்பாடு நம்முடையது, ஓணத்துக்கு ஊருக்குப் போனால் அந்த நாட்களுக்கு வேறு ஆள் தேட வேண்டும். ஆஸ்பத்திரியில் பைஸ்டாண்டராக (நோயாளிக்குத் துணையாக) நின்ற நாட்களில் எனக்குப் போன சம்பளத்தை நான் கூட்டவே இல்லை.

தலைப்பில் ஆஸ்பத்திரிச் செலவு என்று போட்டிருக்கிறீர்கள். எங்களை முறித்தது வீட்டுச் செலவுதான்.

அக்கரைக்காரி:

குழித்துறை அண்ணா, நான் பாறசாலைப் பக்கம், ஒரு ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்கில் ஆறு வருடம் உட்கார்ந்தவள். பாலிசி பற்றி மட்டும் சொல்கிறேன்.

குரூப் பாலிசியில் இருப்பவர் அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாற வழி இருக்கிறது, ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் பணம் தராமல் காத்திருக்க வைக்கிற காலத்தில் இதுவரை கழிந்த வருடங்களும் கணக்கில் சேரும். ஓய்வு பெற்ற மறுநாள் போய்க் கேட்டால் நடக்காது, இப்போதே கேட்டு வையுங்கள். அதைவிட நல்லது, இருவருக்கும் சேர்த்துத் தனியாக ஒரு பாலிசியை இந்த வருடமே தொடங்குவது. ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் முன்பு 48 மாதம் வரை இருந்தது, 2024 ஏப்ரலில் இருந்து அதிகபட்சம் 36 மாதம்தான். 54-ல் எடுத்தால் 58-க்கு முன்பே அது தீர்ந்துவிடும். தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22-ல் இருந்து இல்லை. சுகரை மறைக்கச் சொல்லி ஏஜென்ட் யாராவது சொன்னால் அவரை விட்டு விலகிவிடுங்கள், நான் டெஸ்கில் பார்த்த அழுகையில் பாதி அங்கிருந்து வந்ததுதான்.

மீதிப் பாதி ரூம் வாடகை. 3 லட்சம் பாலிசியில் ரூம் வாடகை ஒரு சதவீதம் என்று இருந்தால் நாளுக்கு 3,000. நீங்கள் 6,000 ரூபாய் ஏசி ரூம் எடுத்தால் வாடகையில் மட்டும் பாதி வெட்டுவார்கள் என்று நினைப்போம். டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் எல்லாமே பாதியாகும். மருந்து, உள்ளே வைக்கிற உபகரணம், டெஸ்ட் இவற்றை அப்படி வெட்டக் கூடாது என்று விதி. ரூம் வாடகை வரம்பு இல்லாத பாலிசியாகப் பாருங்கள்.

அப்புறம், உழிச்சில், கிழி என்கிற ஆயுர்வேத எண்ணெய் வைத்தியம் எல்லாம் நம் பக்கத்தில் எல்லோரும் செய்துகொள்வதுதான். ஆயுர்வேதத்தில் உள்நோயாளியாகப் படுத்து எடுக்கிற சிகிச்சைக்கு பாலிசி வரும், உடம்பு வலிக்கிறது என்று வருடம் ஒரு தடவை போய் எண்ணெய் தேய்ப்பதற்கு வராது. அதைக் கோயில் கொடை பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஓய்வு வாத்தியார்:

தம்பி, எங்களுக்கு அரசாங்கத் திட்டம் இருக்கிறது என்று எல்லோரும் பொறாமைப்படுவார்கள். 2022 ஜூலையில் தொடங்கிய பென்ஷன்தாரர் காப்பீட்டில் மாதம் 497 ரூபாய் பிடித்தார்கள், நாலு வருடத்துக்கு 5 லட்சம். படுத்தால்தான் அது. மாத்திரைக்கு மருத்துவப்படி மாதம் 300 ரூபாய். எனக்கும் வீட்டுக்காரிக்கும் மாத்திரை 3,400 ஆகிக்கொண்டிருந்தது. டாக்டரிடமே கேட்டு மருந்தின் பொதுப்பெயரை எழுதி வாங்கி மக்கள் மருந்தகத்தில் எடுக்கத் தொடங்கினேன், இப்போது 1,300. ஒரே ஒரு மாத்திரை மட்டும் அங்கே கிடைப்பதில்லை. கௌரவம் பார்க்காமல் இதை முதலில் செய்துவிட்டு அப்புறம் கணக்குப் போடுங்கள். பெரிய வியாதிக்கு நம் ஆட்கள் எப்படியும் திருவனந்தபுரம்தான் ஓடுவார்கள், கேன்சர் என்றால் ஆர்சிசி, இதயம் நரம்பு என்றால் ஸ்ரீசித்ரா. அங்கே லாட்ஜும் பைஸ்டாண்டர் சாப்பாடும் ஒரு தனிச் செலவு.

வட்டிக்கடை இல்லாத வட்டி:

கூட்டாளிக்கும் மச்சானுக்கும் தெரியாத கணக்கு இது. மருந்து, டெஸ்ட் மாதம் 4,000 என்றால் வருடம் 48,000. பிரீமியம் 60,000 என்று வையுங்கள். பல், கண்ணாடி 12,000. மொத்தம் இன்றைய விலையில் 1,20,000. மருத்துவம் வருடம் 10 சதவீதம் ஏறும் என்று நான் வைத்துக்கொள்கிறேன், நாலு வருடத்தில் அது 1,75,700 ஆகிவிடும். ஓய்வுக்குப் பின் 25 வருடம். உங்கள் பணமும் அதே 10 சதவீதம் வளர்ந்தால் அந்த வருடச் செலவைப் போல 25 மடங்கு வேண்டும், 44 லட்சம். பணம் 7 சதவீதம்தான் வளரும் என்றால் சுமார் 35 மடங்கு, 62 லட்சத்தைத் தொடும். உங்கள் மச்சானை ரொம்பத் திட்டாதீர்கள்.

பயப்படவும் வேண்டாம். இந்தத் தொகையை ஒரே நாளில் எடுக்கப்போவதில்லை, 83 வயது வரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். மாத்திரையை வாத்தியார் சொன்ன மாதிரி பாதியாக்கினால் அந்த 62-ல் 12 லட்சத்துக்கு மேல் குறைகிறது, கூட்டிப் பாருங்கள். ரப்பர்பால் சொன்ன வீட்டு வைத்தியத்துக்கு மட்டும் இதில் சேராமல் ஒரு 8, 10 லட்சம் எஃப்டியில் இருக்கட்டும், இருவரில் பின்னால் இருப்பவருக்கு அதுதான் துணை. 60 ஆனதும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைப் பாருங்கள், 8.2 சதவீதம் என்றால் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 61,500 வரும், பிரீமியத்தை அதிலேயே கட்டிவிடலாம்.

மேஸ்திரி மகன்:

எல்லோரும் அண்ணாச்சியையே பார்க்கிறீர்கள், அண்டி ஆபீசில் பதினொரு வருடம் வேலை என்று எழுதியிருக்கிறாரே, அதை யாரும் படிக்கவில்லையா? அவர் மனைவிக்குச் சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். ஐந்து வருடம் இஎஸ்ஐயில் இருந்து ஓய்வு வயது வரை வேலை பார்த்து நின்றால், வருடம் 120 ரூபாய் கட்டி தானும் கணவரும் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். நூற்றிருபது, ஆயிரம் இல்லை. என் அம்மா அப்படித்தான். வரிசையில் நிற்க வேண்டும், சில நாள் மாத்திரை இல்லை என்பார்கள், ஆனால் சுகர், பிரஷர், ரத்த டெஸ்ட் எல்லாம் அங்கேயே முடிகிறது. நடுவில் சும்மா நின்றுவிட்டால் இது கிடைக்காது, கம்பெனியிடம் ஓய்வு பெற்றதற்குக் கடிதம் வாங்க வேண்டும்.

குழித்துறை54:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மருந்துக்கடை பில்களை எடுத்துக் கூட்டினேன், 4,000 என்று நானும் நினைத்திருந்தேன், போன மூன்று மாதத்துச் சராசரி 5,250 வருகிறது. அவளுக்கு இஎஸ்ஐ பிடிக்கிறார்கள், சம்பளச் சீட்டில் இருக்கிறது, பதினொரு வருடமாக அதை நான் ஒரு தடவைகூடப் படித்ததில்லை. முட்டு வலி என்று அடுத்த சித்திரையோடு வேலையை விடப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள், இப்போது இரண்டு பேரும் யோசிக்கிறோம். உட்கார்ந்தே செய்கிற வேலைக்கு மாற்றிக் கொடுப்பார்களா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

எங்கள் ஷோரூமில் ஹெச்ஆர் என்று தனியாக ஆள் கிடையாது, முதலாளியின் மருமகன்தான். அவரிடம் குரூப் பாலிசி காப்பி கேட்டு வாங்கிவிட்டேன், 40 பக்கம். அக்கரைத் தங்கச்சி, அந்த ரூம் வாடகை வரம்பு எந்த இடத்தில் இருக்கும்?

அக்கரைக்காரி:

முதலில் ஷெட்யூல் என்று கட்டம் போட்ட பக்கங்களைப் பாருங்கள் அண்ணா, சம் இன்ஷூர்ட் (மொத்தக் காப்பீட்டுத் தொகை) போட்டிருப்பதற்குக் கிட்டேயே இருக்கும். அதே இடத்தில் கோ-பே என்று, அதாவது பில்லில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு என்று, ஏதாவது சதவீதம் இருந்தால் அதையும் எழுதி இங்கே போடுங்கள். முட்டு மாற்று அறுவைக்குத் தனிக் காத்திருப்புக் காலம் வைத்திருப்பார்கள், புதிதாக எடுக்கிற பாலிசியில் அதைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.